உதறு

என் மகள் எவாஞ்சலின் இந்திய ரக்பி அணியில் விங் ஆடுகிறாள். டெல்லி துவாரகாவில் சர்ச்சுக்குப் போனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள், “எந்த ஏர்லைன்ஸ்?” என்று கேட்பார்கள். இவர்களிடம் யார் மல்லுக்கட்டுவது?

விங் என்றால் மைதானத்தின் ஓரம். ஒன்பது வருடமாக அங்கேதான் நிற்கிறாள். பந்து வந்தால் பறக்க வேண்டும், பந்து வந்தால்தானே? எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ஒரு ‘ட்ரை’. நாட்டுக்காக அப்படி ஒன்றுகூட அவள் ஊன்றியதில்லை. முழங்காலும் போய்விட்டது. இதுதான் கடைசி ஆட்டம். ஆஸ்பத்திரி டியூட்டியைக் காரணம் காட்டியே காலம் தள்ளிய நான் பார்க்கப் போன முதல் ஆட்டமும் இதுதான்.

பிப்ரவரி வெயிலும் புகைமூட்டமும் கலந்து, மைதானம் தூக்கத்தில் பார்ப்பதுபோல இருந்தது. தலைக்கு மேலே விமானங்கள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி நிமிடத்தில் பந்து அவளிடம் வந்தது. நான் உட்கார்ந்திருந்த ஓரமாகவே ஓடிவந்தாள். ஓடுவதாகவே தெரியவில்லை, புல்தான் அவளுக்குக் கீழே நழுவிப் போனது.

கோடு பத்தடி தூரத்தில் இருந்தபோது ஒருத்தி பின்னாலிருந்து அவள் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

“உதறு! உதறு!” என்று கத்தினேன்.

எவாஞ்சலின் சட்டென்று திரும்பினாள். பின்னால் ஓடிவந்த மேதா என்ற புதுப்பெண்ணிடம் பந்தை வீசினாள். மேதா கோட்டைத் தாண்டி ஊன்றினாள். ஜெயித்துவிட்டோம்.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் சொன்ன ‘உதறு’ அவள் காதில் ‘உதர்’ என்று விழுந்திருக்கிறது. இந்தியில் ‘அங்கே’. நுணலும் தன் வாயால் கெடும். பாவி, நான் பெற்ற பிள்ளையையே கெடுத்துவிட்டேன்.

உடம்பெல்லாம் புழுதியாக நொண்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, மேதா உதர் இருக்கான்னு நான் பாக்கவே இல்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சது? என் கேம் உனக்குப் புரியுது இல்ல?”

அவள் கண் நிறைந்திருந்தது. உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது.

“ஆமாட்டி, அவ அங்கதானே நின்னா,” என்றேன்.

மெட்ரோவில் என் கையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். துவாரகா வருவதற்குள் கை மரத்துப்போனது. நான் உதறவில்லை.