குளோரியா மிஸ்ஸோட தம்பி பொண்ணு

லாயிட்டிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதைவிட, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்திவிட்டு வருவது மேல். அவர் பெற்ற ஒரே மகள் நிக்கோலுக்கு இது தெரியாததல்ல. இருந்தும் வெள்ளிக்கிழமை அந்த மெயில் வந்ததும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். புத்தி எங்கே மேயப்போயிருந்ததோ.

ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று, அவளை பி.ஏ. சைக்காலஜியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. முதல் வருடம் எழுதிய பேப்பர்கள் எல்லாம் செல்லும். இனி அந்தப் பழைய காலேஜ் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. மர்பி டவுன் வீட்டின் சின்ன ஹாலில் அப்பாவும் மகளும் கைகோத்து ஒரு சுற்று ஆடினார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "கீழ் வீட்டுக்காரங்க மேல வரப்போறாங்க பாருங்க" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் நிக்கோல் விரலை நீட்டினாள். "அப்பா, அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்கவே கூடாது."

"நான் ஏம்மா திறக்கப்போறேன்" என்றார் லாயிட், உலகத்திலேயே அப்பாவி மாதிரி.

அத்தை என்றால் குளோரியா, லாயிட்டின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துச் சந்தில் தனியாக இருக்கிறார். நிக்கோல் விட்டுப்போக நினைக்கும் காலேஜில் இங்கிலீஷ் டிபார்ட்மென்டையே நடத்துகிறவர் அவர்தான். போன வருடம் அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். தினமும் காலையில் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் கூட்டி வந்து, நடுவில் அல்சூரில் நிறுத்தி பஜ்ஜி வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். இப்படி ஒரு அத்தை கிடைத்தால் யாருக்காவது கசக்குமா என்ன?

கசந்ததே, அதுதான் வயிற்றெரிச்சல். அத்தையால் இல்லை, அத்தை அங்கே இருந்ததால். நிக்கோல் வகுப்புக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் ரெண்டு, அவள் இருந்தது ஒன்று, அவளைத் தவிர எல்லோரும் இருந்தது இன்னொன்று. நல்ல மார்க் வாங்கினால், "உனக்கென்ன, வீட்டுலயே மிஸ்ஸு." இத்தனைக்கும் அத்தை தன் பேப்பரில் அவளுக்குத்தான் கையை இறுக்கி மார்க் போட்டார். யார் நம்பினார்கள்? முதல் வருடம் முடிகிற வரைக்கும் அந்தக் காலேஜில் அவளை நிக்கோல் என்று கூப்பிட்டவர்கள் அட்டெண்டன்ஸ் எடுத்தவர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவள் குளோரியா மிஸ்ஸோட தம்பி பொண்ணு.

இதை எப்படி அத்தையிடம் சொல்வது? ஏன் போறே என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இருந்ததே ஒரு பதில்தான். அதைச் சொன்னால் அத்தை மனசு உடைந்துவிடும், அதோடு இந்த ஜென்மத்துக்கும் பழையபடி பேச மாட்டார் என்று நிக்கோலுக்கு ஒரே பயம். கண்ணாடி முன் நின்று சனிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் வாய்க்குள் உட்காரவில்லை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மகளுக்குக் கொடுத்த வாக்கை லாயிட் காப்பாற்றினார். வாயைத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரேசர் டவுன் தமிழ்ச் சபையில், ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் விஷயத்தை எழுதி உண்டிப் பையில் போட்டுவிட்டார்.

அந்தக் கவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஆயர் சபை முன்னால் வாசிப்பார் என்பது லாயிட்டுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அதே சபைதான். ஆனால் ஆண்டவர் ஒரு நன்மை செய்த பிறகு நன்றி சொல்லாமல் ஒரு ஞாயிறு கடந்தால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. மற்றதெல்லாம் அப்புறம்தான் மண்டையில் ஏறும்.

"சகோதரர் லாயிட் குடும்பத்தார்" என்று மைக்கில் ஆரம்பித்தார் ஆயர். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நிக்கோல் சடாரென்று நிமிர்ந்தாள். "தங்கள் மகள் நிக்கோலுக்கு, இப்போது படிக்கும் கல்லூரியிலிருந்து மாறி, வேறு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கச் செய்த ஆண்டவருடைய கிருபைக்காக. குடும்பமாக முன்னால் வாங்க."

பாடகர் குழு பீடத்துக்குப் பக்கவாட்டில், சபையைப் பார்த்தபடி உட்காரும். அதில் இரண்டாவது வரிசையில் அத்தை. அவர் முகம் நிக்கோலுக்கு நன்றாகத் தெரிந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார், அவ்வளவுதான்.

ஆண்கள் பக்கத்திலிருந்து லாயிட் எழுந்து வந்தார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். "வீட்டுக்கு வாங்க, இருக்கு" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

மூவரும் பீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். பாடகர் குழு அங்கியின் சரசரப்புக் கேட்டது. அத்தை வரிசையை விட்டு இறங்கி வந்து, நிக்கோலின் பக்கத்தில் முழங்காலிட்டார். குடும்பமாக என்று ஆயர் சொன்னால் அவரும் வந்துதானே ஆக வேண்டும்.

ஆயர் கண்ணை மூடினார். அவர் ஜெபம் என்றால் ஆதியாகமத்திலிருந்து புறப்பட்டு வரும். நடுவில் யாராலும் நிறுத்த முடியாது.

"எப்போ தெரியும்?" அத்தையின் குரல் மூச்சுக்காற்றாக வந்தது.

"வெள்ளிக்கிழமை. அத்தே, நானே சொல்லணும்னு…"

"சும்னே இரு. உங்கப்பனத் தெரியாதா எனக்கு." ஆயர் ஆபிரகாமுக்கு வந்திருந்தார். "ஏன்டி போறே?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றோடு போயிற்று. பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு பொய் சொல்ல நிக்கோலுக்கு நா எழவில்லை. "அங்க யாருக்கும் என்னத் தெரியலத்தே. உங்களத்தான் தெரியுது. என்கூட யாரும் பேச மாட்டேங்கறாங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல. ஆனா நீங்க இருக்கற வரைக்கும் அப்படித்தான்."

சொல்லிவிட்டாள். ஆயர் ஆபிரகாமை விட்டு நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும் மழைக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார். நிக்கோல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தையின் கண்கள் மூடியிருந்தன, இமையோரம் ஈரம்.

"எங்க ஸ்டாஃப் ரூம் ஜன்னல்லருந்து பாத்தா கேன்டீன் தெரியும்" என்றார் அத்தை. "நீ தனியா உக்காந்து சாப்பிடறத வருஷம் பூரா பாத்துட்டுதான்டி இருந்தேன். எறங்கி வந்து கூட உக்காரலாம்னு டிபன் பாக்ஸத் தூக்குவேன். வந்தா உனக்கு இன்னும் மோசமாப் போவும்னு திருப்பி வெச்சிருவேன்."

அத்தனை நாளும் அந்த மேஜையில் தான் தனியாக இல்லை என்று நிக்கோலுக்கு இப்போதுதான் தெரிந்தது. "தெரிஞ்சுமா அத்தே என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? கேட்டா நீ போயிருவேன்னு தோணிச்சு."

இவ்வளவு பெரிய குளோரியா மிஸ், வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே பையன்கள் போனை உள்ளே வைக்கிற மிஸ், தன்னை இழந்துவிடப் பயந்து வாய்மூடி இருந்திருக்கிறார். தானும் அதே பயத்தில்தான் சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடி முன் நின்றாள். நிக்கோல் கையை நீட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாகவும் இருந்தது.

"ஆமென்" என்றார் ஆயர். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது லாயிட்.

நால்வரும் எழுந்ததும் ஆயர் ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். அத்தையிடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத்தான் மிஸ் கஷ்டமா இருக்கும். கூடவே இருந்த பிள்ள."

"காலேஜ விட்டுத்தானே ஐயா போறா" என்றார் அத்தை. "என்ன விட்டா போறா?" பதிலை ஆயரிடம் எதிர்பார்க்கவில்லை. நிக்கோலின் பக்கம் திரும்பினார். "என்னடி?"

"இல்லத்தே" என்றாள் நிக்கோல்.