உறுமி நின்ற வாசல்

2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று மாலை நான்கு மணிக்கு, தேவாரத்தை ஒட்டிய மலையடிவார ஊரில் உறுமி மேளத்தோடு ஆட்டம் தெருவுக்கு வந்தது. அறுவடை முடித்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உறுமிக்காரர்கள் நின்று அடிப்பார்கள். வீட்டார் ஒரு கதிர்க்கட்டைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

வெள்ளைத்துரையின் குத்தகைச் சோளக்காட்டை நான்கு நாட்களுக்கு முன்பு யானைகள் மிதித்துவிட்டன. அடுத்த வருடமும் நிலம் தனக்குக் கிடைக்குமா என்பதே அவர் கவலை. நிலத்துக்காரர் செழியன் போடியிலிருந்து வந்து ஆட்டத்தோடு நடந்துகொண்டிருந்தார். மிஞ்சிய கதிர்களைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு வெள்ளைத்துரை தன் வீட்டு வாசலில் நின்றார்.

"நாலு கதிருக்கு இம்புட்டுக் கயிறா?" என்று சிரித்தாள் மனைவி மாயக்காள்.

"நீ சும்மா இரு. ஆடுற காலு உழாதான்னு நெலத்துக்காரரு பாக்கட்டும்."

ஆட்டம் அவர் வாசலுக்கு வந்ததும் உறுமி நின்றது. சாவு வீட்டைக் கடக்கும்போது செய்வதுபோல ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து நடந்தார்கள்.

"அடிங்கப்பா, நான் ஆடுறேன்."

"வேணாம்ணே," என்றார் உறுமிக்காரர் மொக்கச்சாமி. "நீங்க இருக்கிற நெலமைல இங்க அடிக்க எங்களுக்கு மனசு வரல."

நாலு வீடு தள்ளிப் போனதும் செழியன் மொக்கச்சாமியிடம் கேட்டார்: "மனுசன் ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரோ?"

"ஆமாங்கய்யா. பாவம்."

பத்து நாள் கழித்து, செழியன் அந்த நிலத்தை ராசிங்காபுரத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்.