எட்டு நோடு, ஒரு கூரை

ஆலோசகர் அரங்கநாதன் சென்னையிலிருந்து வந்து இறங்கும்போதே எட்டு என்ற எண்ணோடுதான் இறங்கினார். கள்ளக்குறிச்சியின் அந்த விவசாயிகள் நிறுவனத்துக்கு எட்டு சர்வர் வேண்டும். நோடு என்பார் அவர். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு கோர், அரை டெராபைட் மெமரி. சுவரில் விழுந்த படத்தில் எட்டும் நீல விளக்கோடு மின்னின. தலைவர் கந்தசாமிக்குக் கண் கலங்கியது. அவர் சம்பந்தியின் ஆலையில் ஆறுதான்.

கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நர்மதா தன் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். அவள் போட்ட திட்டத்தில் இரண்டே நோடு. வேலையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்கும். மிச்சமாகும் பணத்தில் வெள்ளிமலைக் கிடங்குக்குக் கூரை. போன மழையில் அங்கே நனைந்து முளைவிட்ட சாமை மூட்டைகளில் பதினொன்று அவள் அப்பாவுடையவை.

"பன்னெண்டாயிரம் உறுப்பினர், முக்கால்வாசி மலைக்காரங்க. கொள்முதல் விலை அறிவிச்ச நிமிஷம் அத்தனை பேரும் ஆப்பைத் திறப்பாங்க, மேடம்," என்றார் அரங்கநாதன், குழந்தைக்குச் சோறூட்டும் குரலில்.

நர்மதா தலைவர் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குப் பதினோரு மணிக்கு வெல அறிவிக்கிறோங்க ஐயா. பழைய சர்வர்லயே பாத்துடலாங்களா?"

"பாரு. சுமை பாதியத் தாண்டுச்சின்னா எட்டு. தாண்டலன்னா உன் ரெண்டு," என்ற கந்தசாமி, எட்டுக்குக் கையெழுத்துப் போடப் பேனா மூடியையும் கழற்றி வைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று. திரையில் சுமைக்கோடு சோம்பலாக எழுந்து, பதினெட்டு சதவீதத்தில் திரும்பவும் படுத்துக்கொண்டது. ஆப்பைத் திறந்தவை மொத்தம் நானூற்று ஆறு போன்கள்.

"நெட்வொர்க் போயிருக்கும்," என்றார் அரங்கநாதன்.

மலையில் கொள்முதல் பார்க்கும் தர்மனை நர்மதா ஸ்பீக்கரில் அழைத்தாள். "அண்ணா, வெல தெரிஞ்சிச்சா?"

"ஊருக்கே தெரிஞ்சிச்சிம்மா. பாறை மேல ஏறினாத்தான இங்க டவரு? ஊரே ஏறிக்கினு இருக்குமா? நான் ஒருத்தன் பாத்து மேலருந்து கத்துவேன். கீழ ரங்கம்மா அக்கா கோயில் மைக்குல சொல்லிடும். பக்கத்து ஊருங்கள்லயும் இதே கதைதான்."

அரங்கநாதன் விடவில்லை. "மைக் ரிப்பேர் ஆச்சுன்னா?"

"இன்னொன்னு இருக்குது சார்."

"மொத்தமே ரெண்டுதானா?"

"ரெண்டும் ஒரே நாள்ல கெட்டுப்பூடுமா இன்னா? எட்டு மைக்கு கட்டினா காதுதான் சார் பூடும்."

கந்தசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நர்மதாவின் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் சம்பந்திக்குப் போன் போட்டார். "உங்களுக்கு எதுக்குங்க ஆறு? நாங்க ரெண்டுலயே முடிச்சிட்டோம். இப்ப அதாங்க புது முறை."

அந்தப் புது முறையை அரங்கநாதனும் தன் அறிக்கையில் தன்னுடையதாகவே குறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கெடங்குக்குக் கூரை வருது," என்றாள் நர்மதா.

போனில் தர்மன் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் காற்று. பிறகு தூரத்தில், கரகரவென்று, ரங்கம்மாளின் குரல்: "கூரை வருதாம், கூரை. நர்மதா அப்பா எங்கருந்தாலும் கோயிலாண்ட வரவும்."