பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவோம் என்ற இரட்டையர்

ராஜபாளையத்தில் மில் பிட்டர் தனுஷ்கோடியின் மனைவி சீனியம்மாள், தன் இரட்டைப் பிள்ளைகளை நாலு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவாக வயிற்றில் சுமந்தாள். 1984 ஆவணியில் உண்டானாள், 1988 ஆடியில் பெற்றாள். வைத்தியத்தில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நடந்தது வளைகாப்பு அன்றைக்கு.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர். பிள்ளை பிறந்த பிறகுதான் பேர் வைப்பார்கள். ஆனால் வயிற்றில் இருப்பது இரண்டு என்று நர்சம்மா ஞானபாக்கியம் சொன்ன நாளிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பொறுமை போய்விட்டது. மாமனார் வைகுண்டராஜ் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீனியம்மாளின் அப்பா சங்கரலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டெய்லர். வளையல் போட்டு முடித்து எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, இருவரும் சீனியம்மாளின் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமுமாகத் தங்கள் பேரைச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். வலப்பக்கம் ஒரு உதை விழுந்தது, இடப்பக்கம் ஒரு உதை விழுந்தது. பிள்ளைகள் பேரை வாங்கிக்கொண்டார்கள் என்று வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருஷம் வைகாசியில் வலி கண்டது. ராத்திரி முழுக்க வலித்துவிட்டு விடியும்போது சுத்தமாக நின்றுபோனது. ஞானபாக்கியம் வயிற்றில் காது வைத்துக் கேட்டபோது வலப்பக்கத்துப் பிள்ளை தெளிவாகச் சொன்னான், "அம்மா பேர் சொல்லிக் கூப்புட்டா வாரேன்." இடப்பக்கத்துப் பிள்ளை, "அண்ணன் போகாம நான் எப்படிப் போக?" என்றான்.

"கூப்புடேன்டி, அவ்வளவுதான?" என்றாள் ஞானபாக்கியம்.

"அது எங்க மாமா பேருல்லா. நான் எப்படிம்மா சொல்ல?"

மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்வது கிடையாது. ரேஷன் கடையில் கார்டு யார் பேரில் என்று கேட்டால்கூட சீனியம்மாள் பக்கத்தில் நிற்பவரைத்தான் பார்ப்பாள். மாமியார் கருத்தம்மா கூப்பிடலாம் என்றால், அது அவள் புருஷன் பேர். தனுஷ்கோடி தன் அப்பா காதில் விழாதபடி மெதுவாக "ஏலே வைகுண்டராஜ்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் பதில் வந்தது. பக்கத்து வீட்டு ஜெயபாய் வந்து சீனியம்மாள் குரலிலேயே கூப்பிட்டாள், அதற்கு ஒரு உதை கிடைத்தது. ராசா, செல்லம், சின்னய்யா என்று சீனியம்மாள் என்னவெல்லாமோ சொல்லிக் கெஞ்சினாள். பிள்ளைகள் அசையவில்லை. சொல்லத்தானே கூடாது, எழுதலாமே என்று சிலேட்டில் எழுதி வயிற்றுக்கு நேராகப் பிடித்தாள். எழுத்து தெரியாது என்றார்கள். தனுஷ்கோடி ஷிப்ட் முடிந்து வந்து வயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வருஷம் பாடம் நடத்தினான். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிக்கவும் படித்துக்கொண்டார்கள். சிலேட்டைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, "இது எழுதுனது. கூப்புட்டது இல்லியே" என்றான் மூத்தவன்.

வயிறு அதற்கு மேல் பெருக்கவில்லை. சீனியம்மாள் அதோடு தண்ணீர் எடுத்தாள், துணி துவைத்தாள், பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். மதியம் பிள்ளைகள் தூங்கும்போது மட்டும் கையை மேலே வைத்து, இது நெற்றியா, இது கன்னமா என்று தடவித் தடவிப் பார்ப்பாள். முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

1988 ஆடியில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினாள். கண்டக்டர் வேல்சாமி அவளுக்கு ஒரு முழு டிக்கெட்டும் இரண்டு அரை டிக்கெட்டும் கிழித்தார்.

"வயித்துக்குள்ளதானண்ணே இருக்காங்க?"

"எங்க இருந்தா என்னம்மா? வைகாசியோட மூணு வயசு முடிஞ்சுட்டுல்லா? ஊருக்கே தெரியும்."

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை, நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். கண்டக்டருக்குத் தெரிந்த வயசு, டிரைவருக்குத் தெரிந்த வயசு. முகம் மட்டும் பெற்றவளுக்குத் தெரியாது. சீனியம்மாள் வீட்டுக்கு வந்தபோது மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நடையில் நின்றபடியே, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "ஏலே வைகுண்டராஜ்! வாலே வெளிய!" என்றாள்.

"என்னம்மா?" என்று சோற்றுக் கையோடு எழுந்து வந்தார் மாமனார்.

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் அதற்குள் பதில் சொல்லி எழுந்தும் வந்துவிட்டார். அந்த நேரத்தில் மூத்தவன் பிறந்தான். அடுத்து அவள் "சங்கரலிங்கம்" என்றாள், இளையவன் பிறந்தான். முக்கால் மணி நேரம் கழித்து அவள் அப்பா கழுத்தில் டேப்போடு வாசலில் நின்று, "கூப்புட்டியாம்மா?" என்றார். பாதி வெட்டிய ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தார். பிள்ளைகளுக்கு எல்லாப் பல்லும் இருந்தது. சட்டை எங்கே என்று கேட்டார்கள். அவர் அங்கேயே அளவெடுத்தார். சீனியம்மாள் மட்டும் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள். குளிக்கக் கூப்பிட்டால் மாமனாரும் துண்டோடு வந்து நிற்பார். "உங்கள இல்ல மாமா, அவன" என்று சொல்லிச் சொல்லி அனுப்புவாள். 1990-இல் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டதில் அவரும் கிளம்பிப் போய் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார். டீச்சர் வருகைப் பதிவில் அவரையும் சேர்த்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டெய்லர் எடுத்த பஸ் பாஸ் தேய்ந்து தேய்ந்து மூன்று முறை மாற்ற வேண்டியதாயிற்று.

1996 ஐப்பசியில் வைகுண்டராஜ் பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தார். ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. தலைமாட்டில் விளக்கேற்றினார்கள், மூக்கில் பஞ்சு வைத்தார்கள், சங்கு ஊதுகிற முத்துவீரனுக்கு ஆள் போனது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் ஜெயபாய் தன் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறாக்கினாள். பெரியவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சீனியம்மாள் ஜெயபாய் வீட்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே வைகுண்டராஜ், ஒரு வாய் சாப்ட்டுப் போலே" என்றாள். பையன் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தான். பின்னாலேயே, மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மாமனாரும் நடந்து வந்தார்.

"கூப்புட்டியாம்மா?" என்றார்.

சீனியம்மாள் அவரைச் செத்த நேரம் பார்த்தாள்.

"ஆமா மாமா. கையக் கழுவிட்டு உக்காருங்க" என்றாள்.

அவர் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்துக்கு உப்புப் பத்தாது என்றார். சங்கோடு வந்த முத்துவீரன் வாசலிலேயே நின்றார். ஜெயபாய் அவருக்கும் ஒரு இலை போட்டாள்.