கிளெண்டாவின் முகம், மிண்டாவின் கை

கிளெண்டாவின் முகம் தேர்வாகியிருக்கிறது என்று மேலாளர் ரெனாட்டோ சார் சொன்னதும் மிண்டா கை தட்டினாள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள். 

பசாய் நகரில் இருக்கும் அந்த ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. வரிசையாகச் சீட்டாட்ட மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் சீட்டுப் போடும் ஒரு டீலர் பெண், எதிரே கேமரா. பெட்டியிலிருந்து சீட்டை உருவி, கண்ணாடிமேல் இழுத்து, திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடி சீட்டைப் படித்துக் கணினிக்குச் சொல்லும். ஒசாகாவிலும் பாங்காக்கிலும் ஆட்கள் ரயிலில் தொங்கிக்கொண்டும் கக்கூஸில் குந்திக்கொண்டும் கைப்பேசியில் இதைப் பார்த்துப் பந்தயப் பணம் கட்டுவார்கள். ஸ்டுடியோ திறந்த அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்தவள் மிண்டா. கிளெண்டா போன வருஷம் வந்தவள்.

கம்பெனி இப்போது புதிதாக ஒன்றில் இறங்கியிருந்தது. ஒருத்தியின் முகத்தையும் குரலையும் எடுத்து, கணினிக்குள் அவளைப் போலவே ஒருத்தியைச் செய்து மேசையில் உட்காரவைப்பது. அவளுக்குத் தூக்கம் வராது, ஒன்றுக்கு வராது, மாதவிலக்கு வராது. ஜப்பானிய மொழி, தாய்லாந்து மொழி, கொரிய மொழி எல்லாம் ஒரே வாயில் வரும். பெண்கள் அதற்கு 'இரட்டை' என்று பெயர் வைத்தார்கள். மற்ற மேசைகளை மெல்ல மூடிவிடுவார்கள், யாருடைய இரட்டை ஓடுகிறதோ அவளை மட்டும் விளம்பரத்துக்கு என்று வைத்துக்கொள்வார்கள் என்பது பேச்சு. அந்த ஒருத்தி தான்தான் என்று மிண்டா நினைத்திருந்தாள். புருவத்தைக்கூடக் காசு கொடுத்துத் திருத்திக்கொண்டு வந்திருந்தாள்.

உடை மாற்றும் அறையில் கிளெண்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா, எல்லாரும் ட்ரீட் கேக்குறாங்க, நீ மட்டும் வாயத் தொறக்கல?"

"உன் மூஞ்சிக்கு வந்த அதிர்ஷ்டம். எனக்கு எதுக்குடி ட்ரீட்டு?"

"மூஞ்சி இல்லக்கா, மூக்குதான் காரணமாம். ரெனாட்டோ சாரே சொன்னாரு."

"சொல்லமாட்டாரா பின்ன? காலையில உன் மூக்குதான மொதல்ல வேலைக்கு வருது. நீ அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான வர்றே."

அறை முழுக்கச் சிரித்தது. கிளெண்டாவும் சிரித்தாள், மூக்கைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே. அதுதான் மிண்டாவுக்குத் தாங்கவில்லை. மிண்டாவின் மூக்கு சப்பை. அப்பாவின் மூக்கு.

அடுத்த வாரம் ரெனாட்டோ சார் மிண்டாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிளெண்டா கைய வெச்சுப் பதிவு பண்ணிப் பாத்தோம். சீட்டத் திருப்பும்போது விரலு தந்தியடிக்குது. உன் கை வேணும் மிண்டா."

"கை மட்டுமா சார்?"

"மூஞ்சிதான் இருக்கே."

"என் பேரு வருமா?"

"கைக்கு யாரும்மா பேரு வெப்பாங்க?" என்று சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. மேலே இருப்பவர்கள் சொன்னதைச் சொல்கிறவர், அவ்வளவுதான்.

மிண்டா சரி என்றாள். சம்மதித்ததே கெடுப்பதற்குத்தான். சீட்டை ஓரம் மடங்கத் திருப்புவேன், கண்ணாடியில் கோணலாக இழுப்பேன், கிளெண்டாவின் இரட்டை முடவனைப் போல மேசையில் தடுமாறட்டும். ஆளேற்றிப் போகும் ஜீப்னி வண்டியில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். முன்னால் இருந்தவரிடம் டிக்கெட் காசைக் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தட்டி, விரித்து, புரட்டி, வண்டியின் கூரைக்குக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் சிரித்தது. மேசையைவிட்டு எழும் டீலர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டும் பழக்கம் அது. தொழிலுக்கு வந்தவளை அது விடாது. பாத்திரம் கழுவிவிட்டு அடுக்களைக் கூரைக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசை முடிந்து சிலுவைக்கே காட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவள் ஒருத்தி உண்டு.

பதிவுக்கு முன்னால் கையில் இருந்த பூச்சையெல்லாம் துடைக்கச் சொன்னார்கள். தோல் தோலாகவே தெரிய வேண்டுமாம். துடைத்ததும் வலது கட்டைவிரலில் இருந்த தழும்பு வெளியே வந்தது. நவோட்டாஸ் மீன் துறைமுகத்தில் அவள் அப்பா ஐஸ் கட்டி சுமந்தவர். கொக்கியை மாட்டி இழுத்துக் கொடுப்பது மகளின் வேலை. ஒரு நாள் ஐஸ் வழுக்கிற்று, கொக்கி விரலில் ஏறிற்று. மீன் ரத்தத்தோடு அவள் ரத்தமும் தரையில் போயிற்று. அப்பா சட்டைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, "அழுதா ஐஸ் உருகிடும்டி, இழு" என்றார். இழுத்தாள். அந்தத் தழும்பை ஸ்டுடியோவில் யாருக்கும் அவள் காட்டியதில்லை. தினமும் பூச்சுப் போட்டு மறைத்துவிட்டுத்தான் மேசைக்குப் போவாள்.

"ஆரம்பிக்கலாம்" என்றார்கள்.

முதல் சீட்டைக் கோணலாக இழுக்க வேண்டும் என்று நினைத்தாள். கை நேராக இழுத்தது. இரண்டாவதையாவது கெடுக்கலாம் என்றால், அது நேராகத் திரும்பி மேசையில் பூப்போல உட்கார்ந்தது. வேண்டுமென்றே விரலை விறைத்துப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள். கைக்கு அவள் சொன்னது கேட்கவே இல்லை. எத்தனையோ ஆயிரம் தரம் செய்ததையே மறுபடியும் செய்துவிட்டு, கடைசியில் யாரும் கேட்காமலே தட்டி, விரித்து, புரட்டிக் காட்டியது.

"அடடா, இதையும் வெச்சுக்கலாம்" என்று ரெனாட்டோ சார் துள்ளினார். "அந்தத் தழும்பும் இருக்கட்டும், அழிக்காதீங்க. மனுஷி மாதிரியே இருக்கு."

கழிவறைக்குப் போய் மிண்டா தன் கையைத் தானே ஓங்கி அறைந்துகொண்டாள்.

இரட்டை மேசைக்கு வந்தது. ஸ்டுடியோ வாசலில் கிளெண்டாவின் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தார்கள். கிளெண்டா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஆட்கள் இரட்டையின் மேசைக்குத்தான் குவிந்தார்கள், நிஜக் கிளெண்டாவின் மேசை காற்றாடியது. கொஞ்ச நாளில் அதை மூடி, அவளையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள். முகம் ஏற்கெனவே கம்பெனியிடம் இருந்தது, ஆள் எதற்கு? தன் மேசை இன்னும் இருக்கிறது என்று மிண்டாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டத்தை நேரில் அனுபவிக்கத்தான் ஒரு மத்தியானம் கிளெண்டாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஸ்டுடியோவுக்குப் பின்னால் பேபெங் அக்காவின் சாப்பாட்டுக் கடை. புளிச்சாற்றில் வெந்த மீன், சோறு. கிளெண்டா சாப்பிடவில்லை, கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளே சிரித்துக்கொண்டு சீட்டுப் போட்டாள்.

"பாருக்கா இவள. ஒரு பரு இல்ல. ஒசாகா கிழவன் இருக்கான்ல, தெனம் எங்கிட்ட 'சாப்டியா'ன்னு கேப்பான். இப்ப இவகிட்ட கேக்குறான். இவ சாப்டுட்டேங்குறா! எதத் தின்னா இவ? கரண்டா?"

"உன் மூஞ்சிமேல உனக்கே வயித்தெரிச்சலா?" மிண்டாவுக்குச் சோறு இனித்தது.

"நீ சிரிப்பே. உன்னப் பாத்து யாரு 'சாப்டியா'ன்னு கேட்டா?"

 மிண்டா திரையில் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக இழுத்து, பூப்போல வைக்கும் கைகள். கிளெண்டாவின் நிறத்தைப் பூசியிருந்தார்கள். தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

கீழே ஆட்டக்காரர்கள் எழுதுவது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் கேட்டிருந்தான், கட்டைவிரலில் என்ன காயம் என்று. இரட்டை தலையைச் சாய்த்து, கிளெண்டாவின் குரலில் சொன்னது: "சின்ன வயசுல எங்க தோட்டத்துல அம்மாவோட மாம்பழம் நறுக்குனேன். அப்ப கத்தி பட்டுடுச்சு." திரை முழுக்க இதயங்கள் பறந்தன.

"அய்யோ, எங்க வீட்டுல தொட்டிச் செடிகூடக் கெடையாது!" என்று கிளெண்டா முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

மிண்டா கைப்பேசியைப் பிடுங்கினாள். "மாம்பழமா? என்ன மாம்பழம்? ஐஸ் கொக்கிடி அது!"

"எந்தக் கொக்கி?"

மிண்டா எழுதப் பார்த்தாள். எழுத்துப் பெட்டி திறக்கவில்லை. பணம் கட்டியவர்கள் மட்டுமே எழுதலாம் என்று திரை சொன்னது. கிளெண்டாவின் கணக்கில் கொஞ்சம் பணம் இருந்தது. இரட்டையைப் பார்ப்பதற்காக அவள் போட்டு வைத்தது.

"அக்கா, நீ வேலையில இருக்குறவ. ஆடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. தெரிஞ்சா அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க."

"ஆடல. ஒரு வரி எழுதப்போறேன்."

கட்டினாள். பெட்டி திறந்தது. எச்சில் விரலால் எழுதினாள்: அது மாம்பழம் இல்லை, நவோட்டாஸில் ஐஸ் கொக்கி.

அவள் கை அவளுக்கே சீட்டை உருவி, இழுத்து, திருப்பி வைத்தது. தோற்றாள். இரட்டை அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தது. "ஐயோ பாவம்! உங்களுக்கும் காயமா? ரொம்ப வலிச்சுதா? அடுத்த ஆட்டத்துல சொல்லுங்க." பெட்டி மூடிக்கொண்டது.

"கேட்டியா? எனக்கு வலிச்சுதான்னு எங்கிட்டயே கேக்குது!"

மறுபடி கட்டினாள். மறுபடி எழுதினாள். மறுபடி அந்தக் கை, நேராக, தப்பே இல்லாமல். கிளெண்டா கைப்பேசியை இழுத்தாள், மிண்டா விடவில்லை. கணக்கில் ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் விட்டாள். அந்தச் சீட்டுக்கட்டு முடிந்து, இரட்டை இரண்டு உள்ளங்கையையும் தட்டி, விரித்து, புரட்டி, உலகத்துக்கே காட்டியது.

"என் கை!" என்று மிண்டா கத்தினாள். மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "பேபெங் அக்கா, இங்க பாரு, இது என் கை!"

பேபெங் அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்காளே பொண்ணு. நம்ம கிளெண்டாதான?" என்றாள்.

மிண்டா எச்சில் கையைப் பாவாடையில் துடைத்தாள். தன் கைப்பேசியை எடுத்தாள். சொந்தப் பெயரிலேயே கணக்குத் திறந்தாள். 'மிண்டா' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

"சோறு ஆறுதுக்கா. வேலை போயிடும்க்கா" என்றாள் கிளெண்டா.

திரையில் இரட்டை தலையைச் சாய்த்தது. "வாங்க மிண்டா! சாப்டீங்களா?"

மிண்டா பணத்தைக் கட்டினாள்.