நாற்காலிப் படத்துக்கு ஏழு நிமிடம்

உலக சினிமாவைக் கொன்றது தொலைக்காட்சி இல்லை, திருட்டு டிவிடி இல்லை, கண்ணீர்தான் என்று றொக்சன் சொன்னான். படம் எடுத்த ஒவ்வொருவனும் என்றைக்கோ ஒருநாள் தன் துக்கத்தைத் தட்டில் வைத்துப் பணக்காரர்கள் முன் நீட்டியிருக்கிறான். அப்படி நீட்டாமலே வாழ்ந்து மறையப்போகிற ஒரே கலைஞன், மனித வரலாற்றில், தான் மட்டும்தான். இதைச் சொல்லும்போது அவன் மொன்றியல் மெட்ரோவின் நீலப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் எடுத்திருந்த ஒரே படத்தில் ஒரு சலவை இயந்திரம் சுற்றியது. கடைசியில் நின்றது.

“இதை ஞாபகம் வைச்சிரு மச்சான். பேந்து ஆரும் கேட்டால் நீதான் சாட்சி.”

“சாட்சிக்கு ஏதாவது தருவாங்களா?”

“சாண்ட்விச் தருவினம்.”

அது உண்மை. நான் சென்னையிலிருந்து கணினி படிக்க வந்தவன். சினிமாவுக்கும் எனக்கும் டிக்கெட் வாங்குவதற்கு மேல் உறவில்லை. றொக்சன் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வளர்ந்த மன்னார்ப் பையன், சினிமா படிக்கிறவன். தன்னார்வலர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு என்று அவன் சொன்னதால்தான் அந்த ஏப்ரலில் ஒரு வாரம் அவனோடு போய்வந்தேன்.

நகரத்தில் ஓர் அமைப்பு இருந்தது. வளர்ந்துவரும் ஆப்பிரிக்க இயக்குநர்கள் ஆறு பேரை வருடாவருடம் விமானச் சீட்டு கொடுத்து வரவழைப்பார்கள். ஒரு வாரம் பயிற்சி. கடைசி நாள் நிதி தருகிறவர்கள் முன்னால் நின்று, ஏழு நிமிடத்தில் படத்தைச் சொல்ல வேண்டும். ஆறு பேரில் ஒருவருக்குப் பணம். மற்றவர்களுக்குச் சான்றிதழும் துணிப்பையும். இதற்கு ‘பிட்ச்’ என்று பெயர். ஒவ்வொருவருக்கும் உள்ளூர் மாணவன் ஒருவனை இணைத் தயாரிப்பாளராகச் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. படம் நடந்தால் அவன் பெயரும் திரையில் வரும். அப்படித்தான் றொக்சனுக்கு ரஸ்மாட்டா கிடைத்தார். எனக்கு மணி கிடைத்தது. ஏழு நிமிடம் முடிந்ததும் அடிக்கிற மணி.

ரஸ்மாட்டா புர்கினா பாசோவில் போபோ என்கிற ஊர்க்காரர். நாற்பதை நெருங்கியும் வளர்ந்துவந்துகொண்டிருந்தார். டகாரில் பயிற்சி பெற்றிருந்தார், டர்பனில் பெற்றிருந்தார், பாரிஸில் இருமுறை. வீட்டில் துணிப்பைகள் வைக்க ஓர் அலமாரி தனியாக இருப்பதாகச் சொன்னார். ஊரில் அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறார்; இந்த முறையும் வெறுங்கையோடு போனால் கல்லாவில் உட்கார்ந்துவிடுவதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்.

அவருடைய படம் நாற்காலிகளைப் பற்றியது. கல்யாணத்துக்கும் இழவுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிற ஒருவன். ஒரே தெருவில் ஒரே நாளில் ஒரு கல்யாணம், ஒரு சாவு. இருப்பது ஒரு வீட்டுக்குப் போதுமான நாற்காலிகள். இரண்டு வீட்டுக்காரர்களும் விருந்தாளி எழுந்த நேரம் பார்த்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பொழுது சாயும்போது கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் நாற்காலியோடு சேர்ந்து இழவு வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள்.

பயிற்சி கொடுத்தவர் பெயர் மர்செல். பழைய தொலைக்காட்சிக்காரர், நல்ல மனிதர், எல்லோருக்கும் காப்பி ஊற்றித் தருவார். அவர் பிரெஞ்சில் பேசுவதை ஒரு பெண் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லுவார். என்னைப் போன்றவர்கள் ஹெட்போனில் கேட்போம். கழிப்பறை எந்தப் பக்கம், படுகொலை எந்த வருடம், எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரே குரலில் சொன்னார்.

“அழகான கதை,” என்றார் மர்செல். “ஆனால் காயம் எங்கே?”

“யாருக்கும் காயமில்லை,” என்றார் ரஸ்மாட்டா.

“அந்தக் கிழவர் எப்படி இறந்தார்?”

“வயதாகி.”

“வேறு எப்படியாவது இறக்க முடியுமா?”

“அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார்.”

மர்செல் கோபப்படவில்லை. “இது சரி என்று நான் சொல்லவில்லை,” என்றார். “மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் காலையிலிருந்து கதை கேட்டுக் களைத்திருப்பார்கள். படத்தை ஞாபகம் வைக்கமாட்டார்கள், உங்களை ஞாபகம் வைப்பார்கள். எனவே உங்களுக்கு நடந்தது ஒன்றைச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் பேச்சை நிறுத்துங்கள். தரையைப் பாருங்கள். அவசரப்படாதீர்கள். பிறகு, குரலை உயர்த்தாமல்.” செய்தும் காட்டினார். காங்கோவிலிருந்து வந்திருந்த பையன், நடனப் போட்டி பற்றிப் படம் எடுக்க நினைத்திருந்தவன், தன் நோட்டில் ‘தரை’ என்று எழுதிக்கொண்டான்.

அன்று வீடு திரும்பும்போது றொக்சன் கணேசலிங்கம் அண்ணையின் தெப்பனூரில் நுழைந்தான். தெரு முனைக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்லாவுக்கு முன் நின்று தரையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“அண்ணை,” என்றான். மறுபடியும் தரை. “பால்.”

கணேசலிங்கம் அண்ணை எழுந்துவிட்டார். “என்னடா, வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?”

“பால் மட்டும் போதும் அண்ணை.”

“காசை விடு, பேந்து தா. உந்த பிஸ்கட்டையும் அம்மாட்டக் குடு.”

வெளியே வந்து பிஸ்கட்டைப் பிரித்தபடி றொக்சன் சொன்னான்: “பாத்தியே, வேலை செய்யுது. எவ்வளவு கேவலம்.”

“நீயும்தான் சாப்பிடற.”

“நான் ஆராய்ச்சிக்குச் சாப்பிடுறன்.”

வாரம் முழுக்க அதே வேலைதான். பஸ் டிரைவரிடம் தரையைப் பார்த்துவிட்டு ‘மெர்சி’ என்று நன்றி சொன்னான். நூலகத்தில் தரையைப் பார்த்துவிட்டு ஸ்டேப்ளர் கேட்டான். ரஸ்மாட்டாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. காயமில்லாமலே போவதென்று இருவரும் முடிவு செய்தார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவரைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தான். நானும் போனேன். இடியப்பம், மீன்குழம்பு, சொதி. றொக்சனின் அப்பா எமிலியானுஸ் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர். ஞாயிறு பூசையில் காணிக்கை எடுக்கிறவர். விருந்தாளி வந்தால் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஞானஸ்நான வீடுகளில் நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அவர் தமிழில் சொல்ல, றொக்சன் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தான்.

“தொண்ணூறாம் ஆண்டு தலைமன்னாரில இருந்து போட்டில வெளிக்கிட்டம். இவனுக்கு அஞ்சு வயசு. விடியப்பறம் ஓட்டி சொன்னான், இறங்குங்கோ, இதுதான் இந்தியா எண்டு. இறக்கிப்போட்டு அவன் போயிட்டான். நாங்கள் எல்லாரும் மணலில முழங்கால்ல நிண்டு செபமாலை சொன்னம். என்ர மாமி மண்ணை அள்ளிக் கொஞ்சினா. எங்களோட வந்த பேரின்பநாதன் மாஸ்டர் இருக்கிறாரே, அவர் தலை இழுத்து, சேட்டு மாத்தி, ராமேஸ்வரம் பஸ் எங்க நிக்குமெண்டு பாக்க நடந்தார். கொஞ்ச நேரத்தால மற்றப் பக்கத்தால திரும்பி வாறார். என்ன மாஸ்டர், பஸ் இருக்கோ எண்டு கேட்டன். மனுசன் சொல்லுறார், ‘எமிலியான், இந்தியா முடிஞ்சுது.’”

நடுக்கடல் மணல்திட்டு அது. ரஸ்மாட்டா மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். மேசையில் சொதி நிறைய இருந்தும் றொக்சனின் அம்மா இன்னும் சொதி எடுக்க எழுந்து போனார்.

“பிறகு?” என்றார் ரஸ்மாட்டா.

“பேந்தென்ன, மீன்பிடிகாரர் வந்தினம். மண்டபம் காம்பில கொண்டுபோய் விட்டினம். போடுங்கோ, இன்னும் ரெண்டு இடியப்பம் போடுங்கோ.”

ரஸ்மாட்டாவை பஸ் ஏற்றிவிடப் போனோம். நடைபாதை ஓரத்தில் பழைய பனி கறுத்துக் கிடந்தது.

“உன் அப்பா என் படத்தை என்னைவிட நன்றாக எடுத்துவிட்டார்,” என்றார் ரஸ்மாட்டா. “அந்த மாஸ்டரை நான் திருடிக்கொள்ளவா?”

“அது வீட்டுப் பகிடி. விற்பனைக்கு இல்லை.”

அவர் சிரித்தார். பிறகு, “மர்செல் சொல்வது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா?” என்றார். “டகாரில் என் அப்பா செத்த கதையைச் சொன்னேன். பாரிஸிலும் சொன்னேன். நன்றாகவே சொல்வேன், ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பணம் வேறொருவருக்குப் போனது. அது பரவாயில்லை. இப்போது அப்பாவை நினைத்தால் அந்த ஏழு நிமிடம்தான் வருகிறது. அவருக்கு வேறு என்னென்னவோ இருந்தது. அது எதுவும் வருவதில்லை.”

பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டார். றொக்சன் தரையைப் பார்க்கவில்லை; எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த சலூனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிட்ச். முன்பு கன்னியர் மடமாக இருந்த ஒரு கட்டடத்தின் கூடம். நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். நான் ஓரத்தில் மணியோடு உட்கார்ந்தேன், காதில் ஹெட்போன். காங்கோப் பையன் நடனப் போட்டியைச் சொல்லி, நடுவில் தரையைப் பார்த்து, சித்தப்பாவைச் சொன்னான். ஐந்து பேரும் எழுதினார்கள். உள்ளூர் மாணவி எழுந்து நன்றி சொன்னாள். அடுத்தவர் தங்கையைச் சொன்னார். அதற்கடுத்தவர் ஒரு கிணற்றைச் சொன்னார். கூண்டுப்பெண் ஒரே குரலில் எல்லாவற்றையும் என் காதில் இறக்கினார். மதியத்துக்குள் எனக்கு எதுவும் ஏறாமல் போயிற்று. சாண்ட்விச்சில் முட்டையா கோழியா என்றுகூடத் தெரியவில்லை.

ரஸ்மாட்டா ஐந்தாவது. நாற்காலிகளைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், பின்வரிசையில் மர்செல் சிரித்தார். மேசையில் நடுவில் இருந்த நரைமுடிப் பெண்மணி புன்னகைத்தார்.

“மிக இனிமையான கதை. ஆனால் இதை ஏன் இப்போது எடுக்க வேண்டும்? ஏன் நீங்கள்?”

“சிரிப்பாக இருக்கிறது. அதனால்தான்.”

“ஆமாம். அதற்கு மேல்?”

ரஸ்மாட்டா கொஞ்சம் யோசித்தார். “அதற்கு மேல் இல்லை.”

ஒருவர் பேனாவை மூடினார். மற்றொருவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, கடைசி ஆளின் பெயரைப் பார்த்தார். ரஸ்மாட்டாவுக்கு அது தெரிந்தது. ஏமாந்த முகமெல்லாம் இல்லை. பழக்கப்பட்ட பஸ் நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் போலத் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“உள்ளூர் இணைத் தயாரிப்பாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்றார் பெண்மணி, மரியாதைக்கு. நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டிய இடம் அது. ஏழு நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

றொக்சன் மடிக்கணினியை மூடினான். முன்னால் வந்தான். பேசாமல் நின்றான். தரையைப் பார்த்தான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பால் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

“எனக்கு ஐந்து வயதில்,” என்றது ஹெட்போன், “நாங்கள் இலங்கையிலிருந்து ஒரு படகில் புறப்பட்டோம்.”

அதே கதைதான். ஓட்டி, மணல், செபமாலை. மாஸ்டர் தலை வாரிக்கொண்டதைச் சொன்னான். பஸ் தேடிப் போனதைச் சொன்னான். இந்தியா முடிந்துவிட்டது என்று அவர் திரும்பி வந்ததைச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடங்களையெல்லாம் அவன் எடுத்துவிட்டிருந்தான். எப்படி எடுத்தான் என்று தெரியவில்லை. வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன.

பிறகு நிறுத்தாமல் போனான். இடியப்பம் போடச் சொல்கிற இடத்தைத் தாண்டி. எனக்கு அதற்கப்பால் கதை இருப்பதே தெரியாது.

“மீனவர்கள் அன்றைக்கு வரவில்லை,” என்றது ஹெட்போன். “மறுநாளும் வரவில்லை. தண்ணீர் ஒரு கேனில் இருந்தது. அம்மாவிடம் கைக்குழந்தை இருந்தது, என் தங்கை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. மாஸ்டர்தான் கையால் மணலைத் தோண்டினார். மாற்றிய சட்டையைக் கழற்றி அவளை அதில் சுற்றினார். எங்கள் வீட்டில் இந்தக் கதையை மாஸ்டர் திரும்பி வருகிற இடத்தோடு நிறுத்திவிட்டு எல்லோரும் சிரிப்போம். இந்தப் படத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்றால், அதனால்தான்.”

மூடிய பேனா திறந்தது. புரட்டிய பக்கம் திரும்பி வந்தது. என் கடிகாரத்தில் ஏழு நிமிடம் தாண்டிவிட்டது. மணி கையில் இருந்தது, அடிக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ரஸ்மாட்டா அடுக்கிய தாள்களைப் பிடித்தபடி றொக்சனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கூடத்தில் அவர்தான். சொல்லவில்லை.

நரைமுடிப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் தங்கையின் பெயர் என்ன?”

றொக்சன் உடனே சொல்லவில்லை. மறுபடியும் தரையைப் பார்த்தான். அவசரப்படவில்லை. கூண்டுக்குள் இருந்த பெண்ணும் காத்திருந்தார். ஹெட்போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன் நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல், “அஞ்சலீனா” என்றான்.