பெருவிரல் அளவு பள்ளம்

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் கன்னியர் மடத்துப் படியேறினார். கழுத்து இறுகியது. இறுகட்டும். ஐந்து தலைமுறைப் பேச்சுக்கு இன்று பதில் கிடைக்கப் போகிறது.

"மூச்சு முட்டப் போகுதுப்பா, ஒண்ணைக் கழட்டுங்க," என்றாள் மகள்.

"நம்ம தாத்தா பேரைப் பார்க்கப் போறோம். காய்கறி வாங்கவா போறோம்?"

மடத்து அருங்காட்சியகத்தில் ஒரு மாதா படம் இருந்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் மரப்பலகையில் தீட்டியது. அதன் கீழே 'வெளிநாட்டு ஓவியர், பெயர் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரி பெரியவரின் கண்ணில் விழுந்த தூசி. வரைந்தவர் அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார். உள்ளூர்க்காரன் பெயர் போடக் கூடாது என்றிருந்த நாளில், வலது கீழ் மூலையில் துணிந்து பொடியெழுத்தில் தன் பெயரை எழுதினாராம். பெரியவர் அதைக் கண்டதில்லை. அவர் பிறக்கும் முன்பே படம் கறுத்துப் போயிருந்தது.

காணாவிட்டால் என்ன, மரியாதை போய்விடுமா? படம் மடத்துச் சிற்றாலயத்தில் தொங்கிய காலமெல்லாம், ஆண்டுக்கொரு முறை குடும்பத்து மூத்த ஆண் ஆளிவிதை எண்ணெயில் துணியை நனைத்து அதைத் துடைப்பது வழக்கம். "முதல்ல பேரைத் துடைடா. நல்லா அழுத்தி, மூணு தடவை. மாதாவெல்லாம் அப்புறம்," என்பார் அப்பா. பெரியவரும் இருபத்தாறு ஆண்டு துடைத்தார். பிறகு படம் கண்ணாடிக்குள் போனது. அவரை அறிந்த கன்னியர்களும் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போனார்கள்.

அந்த வரியை மாற்றச் சொன்னபோது, மாற்றலாகி வந்த புது சிஸ்டர் ஆதாரம் கேட்டார். "கறுப்பை எடுங்க. மூலையில இருக்கு ஆதாரம்," என்று பெரியவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்து, எட்டு மாதம் காத்திருந்தார்.

இப்போது படம் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. இத்தனை நீலமா அந்த அங்கி! குழந்தையின் காதுமடல்கூடச் சிவந்திருந்தது. பெரியவர் அதிலெல்லாம் நிற்கவில்லை. கண் நேரே மூலைக்குப் போனது.

மூலையில் வெறும் மரம்.

"நீங்க சொன்ன இடம் இதுதானே ஐயா?" என்றாள் படத்தைச் சீரமைத்த பெண். "மத்த இடமெல்லாம் எண்ணெய் படிஞ்சு கறுத்திருந்துச்சு, எடுத்துட்டேன். இங்க மட்டும் மரம் வரைக்கும் தேஞ்சு போச்சு. யாரோ ஒரே இடத்தைப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. பாருங்க, பெருவிரல் அளவுக்குப் பள்ளமே விழுந்திருக்கு."

"எந்தப் புத்திகெட்டவனோ," என்றார் சிஸ்டர். "அடிப்பிடிச்ச பாத்திரத்தை விளக்குற மாதிரில்ல விளக்கியிருக்கான்!"

"எழுத்து... ஏதாவது மிச்சம் இருக்காம்மா?"

"ஒரு புள்ளிகூட இல்லைங்க. இருந்திருந்தாலும் தேய்ச்ச துணியோட போயிருக்கும்."

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். "அறிக்கையில எழுதணும். இதை யார் துடைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். சொன்னால் குடும்பத்தின் பெயர் ஒருவழியாக மடத்துக் காகிதத்தில் ஏறும். புத்திகெட்டவன் என்ற இடத்தில் ஏறும். பெரியவர் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"தெரியாது சிஸ்டர். தாத்தா வரைஞ்சதோட சரி. எங்க ஆளுங்க யாரும் அப்புறம் அதைத் தொட்டதில்ல."

சிஸ்டர் எழுதிக்கொண்டே வாசித்தார்: "வரைந்தவர், தெரியவில்லை. சேதப்படுத்தியவர், தெரியவில்லை."

இருவரும் வெளி வாசலுக்கு வந்தார்கள். மகள் கேட்டாள்: "வீட்ல எல்லாரும் கேப்பாங்களேப்பா, என்ன சொல்றது?"

"பேர் இருந்துச்சுன்னு சொல்லு."

"உங்க அப்பா அதைப் பார்த்திருக்காரா?"

தன் அப்பாவிடம் அவர் அதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதே அவமரியாதை என்று வளர்ந்தவர். மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். பொத்தான் பிடிபடவில்லை. மகள்தான் கழற்றிவிட்டாள்.